மாப்ளே, அது ப்ளட்குட் இல்லை

நேத்து ராத்திரி நீ அனுப்புன போட்டோ வந்துச்சு மாப்ளே. ஒரே ஒரு செவப்பு இலை, உன்ற உள்ளங்கை மேல. கீழே ஒரு கேள்வி: "மாமா, இது என்ன ரகம்?" கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தேன். கை உன்றதுதான்னு எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன், நான் சீர் வெச்ச மோதிரம் அதுல மின்னுது. இலையைப் பத்தி மட்டும் சத்தியம் பண்ணச் சொல்லாதே.

நீ கண்ணுக்குத் தெரியாத சிப்புக்குள்ள கோடு எண்ணறவன். நான் ஆட்டுக்குத் தழை ஒடிச்சவன். ஆனாலும் ஓரிகான்ல மகன் வூட்டுல வந்து குந்துனதுல எனக்கு ஒரு லாபம். இந்த ஊரு மண்ணுக்கும் மழைக்கும் ஜப்பான் மேப்பிள் சொன்ன பேச்சுக் கேட்டு வளருது. வில்லமெட் பள்ளத்தாக்கு நெடுக நர்சரிக்காரங்க இதை வளர்த்து நாடு பூரா லாரில ஏத்தி அனுப்பறாங்க. கெழவனுக்குப் பொழுது போகோணுமே, வேலிக்கு வேலி நின்னு பார்த்தேன். ரோஸ்பர்க்ல இருந்த வெர்ட்ரீஸ்ங்கற மனுசன் 1978ல இந்த மரத்துக்குன்னே ஒரு தடிப் பொஸ்தகம் போட்டாரு. அதை லைப்ரரில எடுத்துட்டு வந்து பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவனுக்கு இங்கிலீசு படிச்ச மாதிரியும் ஆச்சு, எனக்கு வெவரம் தெரிஞ்ச மாதிரியும் ஆச்சு.

உனக்கு எதுக்குப் பேருன்னு எனக்குத் தெரியும். சனிக்கெழமை ஒறம்பரை வந்தா, காபி டம்ளரைக் கையில குடுத்து வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, "இது ப்ளட்குட், ஒரிஜினல்"னு காட்டறே. நானே பக்கத்துல நின்னு கேட்டிருக்கறேன். யாரு சொன்னதுன்னு விசாரிச்சா, கடையில இருந்த பையன் சொன்னான்ங்கறே. அவன் உர மூட்டை அடுக்கிட்டு இருந்தவன் மாப்ளே. செவப்பா நிமிர்ந்து நின்னா ப்ளட்குட், செவப்பாத் தொங்குனா கிரிம்ஸன் குயீன். அவன் கையில இருக்கறது அந்த ரெண்டு பேருதான். உலகத்துல ஆயிரத்துக்கு மேல பேரு வெச்சிருக்கற ரகத்தை ரெண்டே பேருல அவன் சமாளிக்கறான். அவன் கெட்டிக்காரன். நம்புன நீதான் எம்மெஸ் படிச்சவன்.

சரி, ஆரம்பத்துலருந்து வருவோம். மொதல்ல அது ஜப்பான் மேப்பிளான்னே பார்க்கோணும். சிரிக்காதே. இந்த ஊரு காட்டுல வைன் மேப்பிள்னு ஒண்ணு தானா மொளச்சுக் கெடக்குது, பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருந்து கலிபோர்னியா வடக்கு வரைக்கும். ஜப்பான்காரனுக்குப் பங்காளிதான், ஆனா கடலுக்கு இந்தப் பக்கத்துப் பங்காளி. அதோட இலை வட்டமா இருக்கும், விரல் குட்டை. ஜப்பான் மேப்பிள்ல அஞ்சோ ஏழோ, சிலதுல ஒம்போதோ விரல், நடுவுல வெட்டு ஆழமா எறங்கியிருக்கும். வெதையைப் பார்த்தா இன்னும் சுளுவு. வைன் மேப்பிள் வெதைக்கு ரெண்டு றெக்கையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுல விரிஞ்சு நிக்கும். நம்ம தெருவுலயே ஒருத்தரு காட்டு மரத்தை வாசல்ல வெச்சுக்கிட்டு கியோட்டோவுல இருந்து வந்ததுன்னு சொல்லிட்டுத் திரியறாரு. நான் எதுக்கு அவரு வாயைப் புடுங்கோணும், தீவாளிக்கு லட்டு அனுப்பற மனுசன்.

முழுநிலா மேப்பிள்னு இன்னொரு சாதி உண்டு. இலை நல்லா அகலம், விரல் ஒம்போது, பதினொண்ணுன்னு போகும். அதுலயே ரெண்டு இருக்குது. ஒண்ணு ஜப்பானிக்கம்: எளசா இருக்கறப்பக் காம்பு மேல மயிரு இருக்கும், வெதை கீழே தொங்கும். இன்னொண்ணு ஷிராசவானம்: காம்பு மழுமழுன்னு இருக்கும், வெதை இலைக்கு மேல தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். பொன்னு நெறத்துல ஒரு மரம், ஆரியம்னு பேரு. அதை ரொம்பக் காலமா ஜப்பானிக்கம்னே பெரிய பெரிய தோட்டத்துல எல்லாம் பலகை மாட்டி வெச்சிருந்தாங்க. பொறவு வெதை மேல பார்க்குதேன்னு கவனிச்சு ஷிராசவானத்துக்கு மாத்துனாங்க. தாவர சாஸ்திரம் படிச்சவங்களுக்கே இந்தக் கதி. நீ ஒத்தை இலையை வெச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு என்னை எழுப்பறே.

இனி உன்ற வாசல் மரம். அதுல ஒரு லேபிள் கட்டியிருந்துச்சே, அதை எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கறியா? "ஏசர் பால்மேட்டம் அட்ரோபர்ப்யூரியம்"னு நீட்டமா லத்தீன்ல இருந்ததைப் பார்த்து, இத்தனை நீளப் பேரு வெச்சிருந்தா ஒசந்த சாதியாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டே. அது மூட்டைப் பேரு கண்ணு. ஜப்பான் மேப்பிள்ல கருஞ்செவப்பா எது மொளச்சாலும் அந்த மூட்டைக்குள்ள போட்டுக் கட்டிருவாங்க. அதுல ப்ளட்குட்டும் இருக்கலாம், ப்ளட்குட்டோட பேரன் பேத்தியும் இருக்கலாம், எவனோ ஒருத்தன் தோட்டத்துல விழுந்து மொளச்சதும் இருக்கலாம். கடைக்காரன் அந்தப் பேரைப் போட்டதுல ஒரு பொய்யும் இல்லை. பொய் உன்ற வாசல்ல காபி டம்ளரோட நிக்கறப்பத்தான் ஆரம்பிக்குது.

ப்ளட்குட்ங்கறது நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல அந்தப் பேருல இருந்த நர்சரில இருந்து வந்த மரம். நல்ல மரம், நான் இல்லைங்கலை. கருஞ்செவப்பு, கோடையிலயும் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, றெக்கை வெதையும் செவப்பு. ஆனா அதுக்கு அந்தப் பேரு செல்லோணும்னா தாய் மரத்துக் குச்சியை எடுத்து ஒட்டுப் போட்டு வளர்த்திருக்கோணும். வெதை போட்டா குடும்பக் குணம் வரும், அதே ஆளு வரமாட்டான். ஒரே மரத்து வெதையை நூறு போட்டுப் பாரு, நூறும் நூறு மாதிரி மொளைக்கும்: சிலது செவப்பு, சிலது பச்சை, சிலது ரெண்டுங்கெட்டான். அதுல செவந்ததைப் பொறுக்கிச் சட்டியில வெச்சு, தாயோட பேரை எழுதி மாட்டறவங்களும் உண்டு. ஊர்ல உங்க தாத்தன் சந்தையில மல்கோவா ஒட்டுன்னு வாங்கி வந்து, வருசக் கணக்காத் தண்ணி ஊத்தி, கடைசியில நாரும் புளிப்புமா ஒரு காயி காய்ச்சுதே, ஞாபகம் இருக்குதா? அதுவும் கொட்டையில மொளச்சதுதான். அதைச் சாகற வரைக்கும் மல்கோவான்னேதான் சொல்லிட்டு இருந்தாரு. உனக்கு எங்கிருந்து வந்ததுன்னு எனக்கு இப்பப் புரியுது.

ஒட்டா வெதையான்னு கண்டுபுடிக்க இலையே வேண்டாம். அடிமரத்துக்குப் போ. மண்ணுல இருந்து ஒரு சாண் ஒசரத்துக்குள்ள, சாய்வா ஒரு தழும்போ, சின்ன வீக்கமோ, மேல ஒரு மாதிரிப் பட்டை கீழே ஒரு மாதிரிப் பட்டைன்னோ இருக்கோணும். கீழே வேரு பச்சை இலை நாட்டுக்கன்னு, மேல குச்சி பேரு வாங்குன ரகம். சேர்ந்த எடம் நல்லா ஆறிப் போச்சுன்னா தெரியாமலும் போகும். ஆழமா நட்டுட்டா மண்ணுக்குள்ள மறைஞ்சும் போகும். அதனால சித்தெ மண்ணை நோண்டித்தான் பார்க்கோணும். நீ போன தடவை காபி போட உள்ளே போனியே, அப்பவே நான் நோண்டிப் பார்த்துட்டேன். தழும்பும் இல்லை, வீக்கமும் இல்லை. வேர்ல இருந்து நுனி வரைக்கும் ஒரே ஆளு. மூட்டைப் பேரு லேபிளையும் ஒட்டு இல்லாத அடிமரத்தையும் சேர்த்து வெச்சுப் பார்த்தா, அது வெதையில வந்த மரம்னு முக்கால்வாசி சொல்லிப்போடலாம். மிச்சம் கால்வாசியை நான் உன்ற மனசு நோகாம இருக்கறதுக்காக விட்டு வெக்கறேன், குச்சியை நேரா வேர் விட வெச்சு வளர்க்கறவங்களும் இருக்கறாங்கல்ல.

வெதைக்கன்னு ஒண்ணும் கேவலமில்லை. பேரு வாங்குன ரகத்துல நெறைய இப்படி அனாமத்தா மொளச்சு, எவனோ ஒருத்தன் கண்ணுல பட்டு, "அட, இது நல்லா இருக்குதே"ன்னு தனியா எடுத்து வெச்சதுதான். வேணும்னா நீயும் ஒரு பேரு வெச்சுக்கோ, உன்ற பொண்டாட்டி பேரையே வையி. ஆனா அதுக்கும் 1953லருந்து உலகத்துக்கே ஒரு சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க, மத்த எல்லாத்துல இருந்தும் அது தனியாத் தெரியோணும், ஒட்டுப் போட்டாலும் அந்தக் குணம் மாறாம வரோணும்னு. உன்ற மரம் செவப்பா இருக்குது, அவ்வளவுதான். செவப்பா இருக்கறதுக்கெல்லாம் பட்டா குடுக்க மாட்டாங்க.

"இல்லை மாமா, நெறத்தைப் பாருங்க, அச்சு அசல் ப்ளட்குட்"ங்கறே. நெறத்தை நம்பாதே. வூட்டுக்கு வடக்கால, நெழல்ல வெச்சிருக்கறே. வெயில் பத்தலைன்னா செவப்பு ரகம் எதுவா இருந்தாலும் பாதிப் பச்சையாப் போயிரும். வெயில் கொளுத்துனாலும் வெளுத்துப் போகும். நீ வேற புல்லுக்குப் போடற உரத்தை அதுக்கும் அள்ளி வீசிட்டே. நைட்ரஜன் எச்சாப் போனா இலை ஊதி, தான் யாருன்னே மறந்து போகும். நீ அனுப்புனியே அந்த இலை, அது மேல வேகமா வந்த குச்சியில இருந்து கிள்ளுனதுதான? அப்படிக் கிள்ளக் கூடாது. நடுக்கெளையில, ஒரு வருசம் நிதானமா வளர்ந்த குச்சியில இருக்கறதைப் பார்க்கோணும். கோட்டோ-நோ-இட்டோன்னு ஒரு ரகம், இலை நூலு நூலா இருக்கும். அதே மரத்துல வேகமா வர்ற குச்சியில இலை அகலமா வரும். ஒரே மரத்துல ரெண்டு இலையைக் கிள்ளி ரெண்டு போட்டோ அனுப்புனா, ரெண்டு ரகம்னு நான் சொல்லிப்போடுவேன், நீயும் ரெண்டு லேபிள் எழுதிருவே.

ஆக, ஒரு வருசம் பொறுக்கோணும். மூஞ்சியைத் திருப்பாதே, கார் லோன் ஏழு வருசம் கட்டறவன் மரத்துக்கு ஒரு வருசம் பார்க்கலாம்.

ஏப்ரல்ல தளிர் வர்றப்பப் பாரு. இந்த மரத்தோட முக்கால் சங்கதி தளிர்லதான் இருக்குது. ஷின்-டெஷோஜோன்னு ஒண்ணு இருக்குது, தளிர் வர்றப்பக் கண்ணைப் பறிக்கற செவப்பு. கோடை வந்தாப் பச்சை. மேல் தெருவுல ஒரு தம்பி அதை ஏப்ரல்ல வாங்கி நட்டான். ஜூலையில பச்சையாகிப் போச்சுன்னு ரசீதைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குச் சண்டைக்குப் போனான். கடைக்காரன் சரியான மரத்தைச் சரியான பேருல குடுத்திருக்கறான். அந்தக் கடையில அது அபூர்வம், பாவம், அதுக்கும் அடி வாங்குனான். இதுக்கு நேர் எதிரா ஒஸாகாசுகின்னு ஒரு மரம். வசந்தத்துலயும் பச்சை, கோடையிலயும் பச்சை, ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். இலையுதிர் காலத்துல அது போடற செவப்பைப் பார்த்தா மத்ததெல்லாம் தலை குனிஞ்சுக்கும். கோடையில லேபிள் தொலைஞ்சு போன ஒஸாகாசுகியைச் சாதாப் பச்சை மரம்னு எத்தனை பேரு தள்ளுபடியில தள்ளி விட்டிருப்பாங்களோ.

ப்ளட்குட்டுக்கும் எம்பரர் ஒண்ணுங்கறதுக்கும் சண்டை வந்தாலும் தளிர் காலந்தான் தீர்ப்புச் சொல்லும். எம்பரர் சித்தெப் பிந்தித்தான் இலை விடும், அதனால பின்பனியில அடி வாங்காமத் தப்பிக்கும். ரெண்டையும் ஆகஸ்டுல பக்கத்துல நிறுத்துனா எனக்கும் தெரியாது, உர மூட்டைப் பையனுக்கும் தெரியாது.

குளிர்காலத்துல இலையெல்லாம் கொட்டிப் போச்சுன்னு உள்ளே போயி டீவி பார்க்காதே. அப்பத்தான் பட்டை பேசும். சாங்கோ-காகுன்னா எளங்குச்சி பவளச் செவப்பா ஜொலிக்கும். அடிமரம் வயசானாப் பழுப்பாப் போயிரும், அதைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்லிராதே, நுனியைப் பாரு. மஞ்சள் குச்சியா இருந்தா பிஹோவான்னு யோசி. பட்டை சொரசொரன்னு வெடிச்சிருந்தா அராகாவா. ஆனா அது வெடிக்க வருசங்கள் ஆகும், கன்னுல பார்த்தா மழுமழுன்னு ஒண்ணுந் தெரியாத புள்ளை மாதிரி நிக்கும். இலையோட ஓரம் கீழ்ப்பக்கமாச் சுருண்டு விரல் விரலாத் தெரிஞ்சா, அது ராட்டர்டாம் தோட்டத்துல இருந்து வந்த ட்ரோம்பன்பர்க். இலை தடிச்சுச் சுருங்கி, குச்சியோட ஒட்டி நெருக்கமா அடைஞ்சு இருந்தா ஷிஷிகாஷிரா. இந்த ரெண்டையும் ஒருக்காப் பார்த்தவன் தப்பாச் சொல்ல மாட்டான். இப்படி மூஞ்சியிலயே பேரு எழுதுன ரகமும் கொஞ்சம் இருக்குது. உன்ற கெரகம், உனக்கு வாய்ச்ச ரெண்டும் அதுல இல்லை.

ரெண்டாவது எதுன்னா, பின்கட்டுல சட்டியில வெச்சிருக்கறியே, வெட்டு வெட்டா இலை விட்டுத் தொங்கறது, அதான். அதோட படத்தை நீ உங்கம்மாவுக்கு அனுப்பி, எங்கக்கா ஊர்ல இருந்து எனக்குப் போன் போட்டு, "ஏண்டா தம்பி, பையன் கஞ்சாச் செடி வளர்க்கறானா?"ன்னு அழுதுச்சு. ஓரிகான்ல 2015லருந்து அதுக்கும் சட்டம் எடம் குடுக்குதுக்கான்னு சொல்ல வந்து, அடக்கிக்கிட்டேன். கஞ்சாவுல ஒவ்வொரு இலையும் தனித்தனியாப் பிரிஞ்சு காம்புல சேரும், இது ஒரே இலை, அடி வரைக்கும் கிழிஞ்சிருக்குதுன்னு சொல்லிச் சமாதானம் பண்ணி வெச்சேன். எனக்கு நீ ஒரு கும்புடு போடோணும்.

இந்தத் தொங்கற செவப்புக் கூட்டம் இருக்குதே, டிஸ்செக்டம்னு சொல்றாங்க, பேரு கண்டுபுடிக்கறதுல பெரிய பெரிய நர்சரிக்காரங்களையே தலையைச் சொறிய வெக்கறது இதுதான். கிரிம்ஸன் குயீன், டாமுகேயாமா, இனாபா-ஷிடாரே, கார்னெட், எவர் ரெட், ஆர்னேட்டம், ரெட் டிராகன்னு எல்லாம் ஒண்ணு மாதிரியே தொங்கும். வித்தியாசம் இருக்குது, இல்லாம இல்லை. எவர் ரெட் தளிர் மேல வெள்ளி மாதிரி மயிரு படிஞ்சு சாம்பல் பூத்துத் தெரியும், ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தாக் காணாது. ஆர்னேட்டம் செம்பு நெறத்துல வந்து கோடையில பச்சைக்குப் போயிரும். இனாபா-ஷிடாரே இலை பெருசு, கெளை மத்ததை விடச் சித்தெ நிமிரும். டாமுகேயாமா விரல் அகலம், நெறம் இருட்டு. கிரிம்ஸன் குயீன் வெட்டு நுணுக்கம், செவப்பைக் கடைசி வரைக்கும் விடாது. இதெல்லாம் எப்பத் தெரியும்னா, அஞ்சையும் ஒரே வயசுல, ஒரே வெயில்ல, பக்கத்துல பக்கத்துல வெச்சாத் தெரியும். ஒத்தைச் சட்டியை வெச்சுக்கிட்டு "பெருசு, சிறுசு, இருட்டு"ன்னா எதை விட?

உன்ற சட்டி மரம் போன ஜூலையில முழுசாப் பச்சை கட்டிப் போச்சு, அதுவும் நல்ல வெயில்ல இருந்தப்பவே. அதனால லேபிள்ல கிரிம்ஸன் குயீன்னு இருந்தாலும் எனக்கு நம்பிக்கையில்லை. கடையில சனிக்கெழமை கூட்டத்துல கொழந்தைங்க லேபிளை உருவி வெளையாடும், வேலையாளு கீழே கெடந்ததை எடுத்துப் பக்கத்துச் சட்டியில சொருகுவான். கிரிம்ஸன் குயீன் இல்லைன்னு நான் சொல்றேன். என்னன்னு சொல்ல மாட்டேன். எது இல்லைன்னு தெரியறதே இந்தக் கூட்டத்துல பாதிக் கெணறு. போர்ட்லண்ட் வாஷிங்டன் பார்க்ல இருக்கற ஜப்பான் தோட்டத்துல, குளத்தோரம் ஒரு குட்டை மேப்பிள் நிக்குதே, இலையுதிர் காலத்துல கேமராவோட ஜனம் தரையில படுத்துக் கெடந்து படம் புடிக்குது. நானும் போயி நின்னு காது குடுத்துப் பார்த்தேன், ரகம் என்னன்னு ஒருத்தரும் விசாரிக்கலை. லேஸ்லீஃப் மேப்பிள்னு சொல்லிக்கிட்டு அடுத்த ஆளுக்கு எடம் விட்டுப் போயிட்டே இருந்தாங்க.

பேருங்களோட கதையைக் கேட்டா உனக்கு இன்னும் தலை சுத்தும். டோக்கியோவுக்கு எடோன்னு பேரு இருந்த காலத்துல, சோமேய்ங்கற எடத்துல இட்டோ இஹேய்னு நர்சரிக்காரக் குடும்பம். அவங்க 1710லயும் 1719லயும் போட்ட செடிப் பொஸ்தகங்கள்ல மேப்பிளைப் பேரு பேரா எழுதி வெச்சாங்க. டாமுகேயாமாங்கறது அந்தக் காலத்துப் பேரு. இன்னிக்கு அந்தப் பேருல நிக்கற மரந்தான் அன்னிக்கு அவங்க பார்த்ததான்னு ஆரு சாட்சி சொல்றது? நடுவுல ரெண்டாம் உலகப் போரு வந்துச்சு. சோத்துக்குப் பயிர் போட நெலம் வேணும், அடுப்பெரிக்க வெறகு வேணும். எத்தனையோ தாய் மரம் அதுல போச்சு. மிஞ்சுனது கடல் தாண்டி இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்கான்னு போயி, போன எடத்துல எல்லாம் ஜப்பான் பேரு வாயில நுழையாம வேற பேரு வாங்குச்சு. சாங்கோ-காகுவை சென்காகின்னு வித்தாங்க, ரெண்டும் ஒரே மரம். இதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு கொண்டு வரத்தான் வெர்ட்ரீஸ் ஒக்காந்து எழுதுனாரு. அவரு காலத்துக்கப்பறம் அந்தப் பொஸ்தகத்தைத் திருத்தி எழுதுனவரு பீட்டர் கிரெகரி, இங்கிலாந்துல வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்தைப் பார்த்துக்கிட்டவரு. இப்படி வாழ்க்கை பூராவும் பார்த்தவங்களே "இது இன்னதா இருக்கலாம்"னுதான் எழுதறாங்க. உன்ற போன்ல இருக்கற ஆப் மட்டும் ஒரு நொடியில நூத்துக்குத் தொண்ணூத்தேழு சதம்னு சொல்லுது. கேமராவை என்ற மூஞ்சிக்கு நேராப் புடிச்சுப் பாரு, அதுக்கும் ஒரு பேரு சொல்லும்.

லேபுக்கு அனுப்பி டி.என்.ஏ பார்க்கலாமான்னு அடுத்துக் கேப்பே, உன்னைத் தெரியாதா எனக்கு. பார்க்கலாம், ஆனா ஒப்பிட்டுப் பார்க்க சந்தேகமில்லாத அசல் மரம் ஒண்ணு அவங்க கையில இருக்கோணும். அசலே தப்பான லேபிள்ல நின்னா என்ன பண்ணுவே? இன்னொரு வில்லங்கமும் இருக்குது. ப்ளட்குட் மரத்துல ஒரு கெளையில மட்டும் குச்சி குச்சியா நெருக்கி அடைஞ்சு வந்ததை வெட்டி ஒட்டுப் போட்டு ஸ்கீட்டர்ஸ் புரூம்னு தனி ரகமா விக்கறாங்க. ரத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், உருவம் வேற. அந்த எடத்துல லேபை விடக் கண்ணு நல்லாச் சொல்லும்.

அதனால இப்படிப் பண்ணு. வாசல் மரத்துக்கு ஒரு தகரத்துல, "ஏசர் பால்மேட்டம், செவப்பு, வெதைக்கன்னு போல"ன்னு எழுதி, வாங்குன வருசத்தையும் போடு. பென்சில்ல எழுது, பேனா மழையில அழிஞ்சிரும், பென்சில் நிக்கும். சட்டி மரத்துக்கு, "டிஸ்செக்டம், செவப்பு, கோடையில பச்சை கட்டுது, கிரிம்ஸன் குயீன்னு வந்தது, சந்தேகம்"னு எழுது. பழைய லேபிளையும் தூக்கிப் போட்டுராதே, பின்னாடியே கட்டி வையி. பின்னால வர்றவனுக்குத் தப்பான பேரும் ஒரு துப்புதான். ஏப்ரல்ல தளிர், ஜூலையில நடுக்கெளை இலை முன்னும் பின்னும், வெதை வந்தா வெதை, இலையுதிர் காலத்துல முழு மரம், ஜனவரில பட்டை, இத்தனையும் படம் புடிச்சு ஒண்ணாச் சேர்த்து அனுப்பு. உள்ளங்கை வேண்டாம், பக்கத்துல ஒரு ஸ்கேலை வையி.

அந்தச் சட்டி மரத்துல நடுவுல இருந்து ஒரு பச்சைக் கெளை நேரா மேல ஏறி நிக்குதே, சாதா இலையோட. அதைத்தான் நீ "ஒரே மரத்துல ரெண்டு ரகம், ரொம்ப ரேர்"னு ஒறம்பரைக்குக் காட்டறதாக் கேள்விப்பட்டேன். அது ஒட்டுக்குக் கீழே இருந்து, நாட்டுக்கன்னு வேர்ல இருந்து வர்றது மாப்ளே. இன்னும் ரெண்டு வருசம் விட்டா செவப்பு மரத்தை அமுக்கிட்டு அதுதான் நிக்கும், நீயும் "கிரிம்ஸன் குயீன் பச்சைக்கு மாறிருச்சு"ன்னு எனக்குப் போட்டோ அனுப்புவே. மழை இல்லாத நாளாப் பார்த்து, அது பொறப்படற எடத்தோட ஒட்ட அறுத்துரு. ஈரத்துல வெட்டுனா இந்த ஊர்ல சூடோமோனாஸ்னு ஒரு கிருமி புகுந்து நுனியைக் கருக்கும். வெட்டுன கெளையைக் குப்பையில போடாதே, எனக்குக் குடு. வேர் புடிக்குதான்னு வெச்சுப் பாக்கறேன். புடிச்சா அதுக்கும் ஒரு பேரு வேணுமே, லேபிள்ல உன்ற பேரைப் போட்டு வெக்கறேன்.